பூஜ்யத்தை நடுவில் வைத்த கதை

எங்கள் சிமென்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் இப்போது வேலையில் இருக்கிறவர்களும் சேர்ந்த வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. காலை வணக்கப் பூக்கள், கல்யாணப் பத்திரிகை, யாருக்கோ முழங்கால் வலி, இவ்வளவுதான் அதில் வரும். போன வாரம் அதிசயமாக ஒரு வேலைக் கேள்வி வந்தது. இன்ஸ்ட்ருமென்ட் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கவிதா என்ற பெண் கேட்டிருந்தார்: "பன்னெண்டு வோல்ட் பேட்டரி ஒண்ணுதான் இருக்கு. ஆப்-ஆம்புக்கு மைனஸ் சப்ளை வேணும். யாராச்சும் வழி சொல்லுங்க சார்."

ஒருவர் ஆன்லைனில் வாங்கச் சொன்னார். ஒருவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார், எதற்கென்று தெரியவில்லை. நான் குரல் பதிவு அனுப்ப ஆரம்பித்தேன். இவ்வளவு நேரம் பேசியும் நான் இன்னும் பேட்டரிக்கே வந்து சேரவில்லை என்று என் மனைவி சமையலறையிலிருந்து எடுத்துச் சொன்னாள். "எழுதித் தொலைங்க. படிக்கிறவங்க படிக்கட்டும்" என்றாள். எழுதுகிறேன்.

நான் பூலாம்பாடிக்காரன். ஐ.டி.ஐ. முடித்து, அரியலூர்ப் பக்கம் இருந்த ஆலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். பெரம்பலூரில் பஸ் மாறிப் போக வேண்டும். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கம்பி உரித்தேன், பற்றவைத்தேன், கையைச் சுட்டுக்கொண்டேன், நிரந்தரம் ஆனேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை அதே செக்‌ஷன்தான். பொருள்களைச் சுடுவதும் அரைப்பதும் மற்றவர்கள் வேலை. எவ்வளவு சூடு, எவ்வளவு எடை, எவ்வளவு அதிர்வு என்று சொல்வது எங்கள் வேலை. அதனால் எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்று மற்ற செக்‌ஷன்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான்.

எங்கள் செக்‌ஷன் தலைவர் ராமலிங்கம் சார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். ஒரு கருவி பழுது என்று கொண்டுபோனால், "என்ன ஆச்சு?" என்று கேட்க மாட்டார். "அதுக்கு என்ன கஷ்டம்?" என்பார். வீட்டு மாட்டைப் பற்றி விசாரிப்பது போல இருக்கும். அடுத்த கேள்வி, "பூஜ்யம் எங்க நிக்குது?" பூஜ்யம் சரியாக இல்லாத கருவியில் வேறு எதையும் தொட விட மாட்டார். கோபம் வந்தால் குரல் உயராது. "நல்லது" என்று ஒரு வார்த்தை சொல்வார். அந்த 'நல்லது' வாங்கியவன் அன்றைக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டாம் தடவை சோறு கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆப்-ஆம்ப் என்பது என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. சென்சாரிலிருந்து வருகிற மிகச் சிறிய மின்சாரத்தை நாம் படிக்கிற அளவுக்குப் பெரிதாக்கித் தருகிற சில்லு அது. அந்த மின்சாரம் பூஜ்யத்துக்கு மேலேயும் போகும், கீழேயும் போகும். கீழே போவதையும் காட்ட வேண்டுமென்றால் சில்லுக்குக் கீழே இடம் வேண்டும். அதற்குத்தான் மைனஸ் சப்ளை. இதை சார் எனக்கு ஊஞ்சலை வைத்துச் சொன்னார். "ஊஞ்சல் ஆட முன்னாலயும் எடம் வேணும், பின்னாலயும் எடம் வேணும்ல? செவுத்த ஒட்டிக் கட்டுனா என்ன ஆவும்?" பாதி ஆட்டம்தான் ஆகும், மீதி சுவரில் மோதும். இவ்வளவு தெளிவாகச் சொன்ன மனிதரே ஒருநாள் சுவரை ஒட்டி ஊஞ்சல் கட்டினார் என்பதுதான் இந்தக் கதை.

முதலில் பெல்ட் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குழுவில் உள்ள அரவை மில் ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள். சுண்ணாம்புக் கல்லை எடைபோட்டுக்கொண்டே நகர்த்தும் பெல்ட் ஒன்று இருந்தது. பெல்ட் காலியாக இருக்கும்போதும் அதன் மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்காது, கொஞ்சம் எடை காட்டும். "பேய் ஏறி உக்காந்திருக்குய்யா" என்று ஆபரேட்டர் அடைக்கலம் பெல்ட்டுக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார். சார் வந்து பார்த்தார். பழத்தை மரியாதையாக ஓரமாக எடுத்து வைத்தார். உள்ளே இருந்த சில்லு மைனஸ் இல்லாத ஒற்றை சப்ளையில் ஓடுகிறது, பூஜ்யம் வரைக்கும் இறங்க அதனால் முடியவில்லை என்று கண்டுபிடித்தார். பூஜ்யத்தை ஒரு வோல்ட் மேலே தூக்கி வைத்து, அங்கிருந்து எண்ணச் சொன்னார். பேய் இறங்கிவிட்டது. ஆனாலும் அடைக்கலம் எலுமிச்சம்பழத்தைத்தான் நம்பினார், கடைசி வரைக்கும்.

இப்போது பெரிய கதை.

எங்கள் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் குவாரி உண்டு. மதியம் சங்கு ஊதி, சிவப்புக் கொடி நட்டு, பாறையில் வெடி வைப்பார்கள். கொடிகளுக்கு அப்பால் ஊர். வெடியின் அதிர்வு ஊர் வீடுகளில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது எங்கள் பொறுப்பு. அதற்கு ஒரு கருவி இருந்தது. சென்சாரை வீட்டின் அஸ்திவாரத்தை ஒட்டி முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி வைப்போம். ரசமட்டம் வைத்து அது சாயாமல் நிற்கிறதா என்று பார்ப்போம். மண்ணை அழுத்தி மூடி, மேலே மணல் மூட்டை ஒன்றை ஏற்றுவோம். வெடித்ததும் பெட்டியில் இருக்கும் பேனா, ஓடும் காகிதத்தில் அதிர்வை வரையும். காகிதத்தில் சிவப்புக் கோடு ஒன்று போட்டிருக்கும். பேனா அதைத் தாண்டினால் வெடி அதிகம் என்று அர்த்தம், குறைத்தாக வேண்டும்.

இந்தக் கருவி வாங்கிய காலத்தில் இரண்டு பேட்டரியில் ஓடியது. ஒன்று மேல் பாதிக்கு, ஒன்று கீழ்ப் பாதிக்கு. எங்கள் ஊர் வெயிலில் இரண்டும் ஒரே சீராகத் தீராது. ஒன்று முந்திக்கொள்ளும், பூஜ்யம் நகர்ந்துவிடும். பூஜ்யம் நகர்ந்தால் சாருக்குப் பொறுக்குமா? இரண்டு பேட்டரியையும் கழற்றிப் போட்டுவிட்டு, ஜீப்பின் பன்னிரண்டு வோல்ட்டிலேயே ஓடுகிற மாதிரி மாற்றினார். சில்லின் மைனஸ் காலைத் தரையோடு, அதாவது பேட்டரியின் மைனஸ் முனையோடு, சேர்த்தார். பேனாவின் பூஜ்யத்தைக் காகிதத்தின் கீழ் ஓரத்துக்குக் கொண்டுவந்தார். காகிதம் முழுவதும் இப்போது அளவுக்குக் கிடைத்தது. கோடு ஆடாமல் அசையாமல் ஓரத்தில் நின்றது. எங்களுக்கெல்லாம் பெருமை தாங்கவில்லை.

சோதிக்காமல் விட்டாரா என்றால், இல்லை. பட்டறையில் சிக்னல் ஜெனரேட்டரை வைத்து அலையைக் கொடுத்து, மாதாமாதம் சோதித்தோம். ஒவ்வொரு முறையும் உயரம் மிகச் சரியாக வந்தது. ஏன் வந்தது என்பதில்தான் எங்கள் முட்டாள்தனம் இருந்தது. ஜெனரேட்டர் கொடுக்கும் அலை மேலே எவ்வளவு போகிறதோ கீழேயும் அவ்வளவே போகும். மேல் பாதியை மட்டும் பார்த்தாலும் விடை சரியாக வரும். எங்களை மாதிரி ஒழுங்காகச் சோதிக்கிறவர்கள்தான் இப்படி ஏமாற முடியும். அரைகுறையாகச் சோதிக்கிறவன் என்றைக்காவது சென்சாரைக் கை தவறிக் கீழே போட்டு, அதன் மூலம் உண்மையைக் கண்டுபிடித்திருப்பான்.

குவாரியை ஒட்டிய ஊரில் ஆரோக்கியமேரி டீச்சர் இருந்தார். பிறந்தது வரதராசன்பேட்டை. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. மகள் சென்னையில். டீச்சர் தன் வீட்டின் முன்னறையில் ஊர்ப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அறையின் கதவு நிலைக்கு மேலே ஒரு விரிசல் விழுந்தது. விரிசல் வளர்ந்தது. பிள்ளைகளை உள்ளே உட்கார வைக்கப் பயந்து வேப்பமரத்தடியில் பாடம் நடத்தினார். மழை வந்தால் பாடம் கிடையாது.

டீச்சர் ஆலைக்கு வந்து முறையிட்டார். குவாரி மேனேஜர் கெட்டவர் இல்லை, ஆனால் காகிதத்தை நம்புகிறவர். "மீட்டர் சிவப்புக் கோட்டத் தாண்டலையே டீச்சர். இது கரிசல் மண்ணு. வெயிலுக்குச் சுருங்கும், மழைக்கு உப்பும். அதுல வர்ற விரிசல்" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்துக் கரிசலில் வெடியே இல்லாத ஊர்களிலும் சுவர் பிளக்கும்.

டீச்சர் மேனேஜரை விட்டுவிட்டு ராமலிங்கம் சாரைப் பார்த்தார். "சார், எம்மக வந்துரு வந்துருன்னு உசுர எடுக்குறா. எனக்கு இந்த ஊரு, இந்தப் புள்ளைங்க. ஆனா நாளைக்கு செவுரு ஒரு புள்ள மேல விழுந்துட்டா என்னால தாங்க முடியாது. எங்க வூட்ல வச்சு ஒருவாட்டி என் கண்ணு முன்னாடி அளந்து காட்டுங்க. மண்ணுதான் காரணம்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். வூட்டப் பூட்டிட்டுச் சென்னைக்குப் போயிடுறேன்."

"நாளைக்கே வர்றோம்மா" என்றார் சார்.

மறுநாள் சாரும் நானும் போனோம். குழி, ரசமட்டம், மணல் மூட்டை எல்லாம் முறைப்படி. டீச்சர் எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பரீட்சை ஹாலில் இருப்பது போல எனக்கு வியர்த்தது. சங்கு ஊதியது. வெடித்தது. காலுக்கடியில் தரை உதறியது எனக்கே நன்றாகத் தெரிந்தது. விரிசலிலிருந்து காரைத் தூள் உதிர்ந்தது. பேனா எழுந்து ஆடி அடங்கியது. சிவப்புக் கோட்டுக்கு நன்றாகக் கீழே.

டீச்சரின் முகம் வாடிவிட்டது. எனக்குச் சங்கடமாக இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மாதிரி, "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "அந்தக் காயிதத்தக் கொஞ்சம் குடுங்க" என்றார்.

சார் கிழித்துக் கொடுத்தார். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார்.

"சார், முகடு இருக்கு. அகடு எங்க?"

எட்டாம் வகுப்புப் பாடம். அலை என்றால் மேலே எழும் முகடும் கீழே இறங்கும் அகடும் சேர்ந்தது. காகிதத்தில் வரிசையாக மேடுகள் இருந்தன. மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே, பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில், தட்டையான கோடு. இத்தனை காலமாக நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறோம். மிக உயரமான மேடு எது என்று மட்டும் தேடியிருக்கிறோம்.

"பூமி மேல மட்டுமா சார் குதிக்கும்? கீழ எறங்காதா?" என்று டீச்சர் கேட்டார். குறை சொல்லும் குரல் இல்லை. உண்மையிலேயே சந்தேகம் கேட்டார்.

சார் காகிதத்தை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார். "நல்லது" என்றார். அந்த 'நல்லது'வை அவர் தனக்கே சொல்லிக்கொண்டார் என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

"டீச்சர், ஊர விட்டுப் போறதப் பத்தி இப்ப ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க. எனக்குக் கொஞ்சம் அவகாசம் குடுங்க" என்றார்.

பட்டறைக்கு வந்ததும் சார் சென்சாரைத் தரையில் வைக்கச் சொன்னார். இடுப்பு உயரத்திலிருந்து ஒரு மணல் மூட்டையைப் பக்கத்தில் போடச் சொன்னார். பேனா வரைந்தது. "இப்ப கம்பி ரெண்டையும் மாத்திக் குடு." மாற்றினேன். மேல் கீழாகவும் கீழ் மேலாகவும் வரும். அதே உயரம், அதே மூட்டை. பேனா முன்னதைவிட நன்றாக உயரமாக எழுந்தது. அடி ஒன்று, அளவு இரண்டு. நிலம் மேலே எழுந்ததைவிடக் கீழே இறங்கியது அதிகம். அந்தப் பெரிய பாதியை எங்கள் கருவி பார்க்கவே இல்லை.

"நான் அதோட ஒரு கண்ணக் கட்டிட்டேன் செல்வராசு" என்றார் சார்.

நான், "பழையபடி ரெண்டு பேட்டரி போட்ரலாமே சார்" என்றேன்.

"பூஜ்யம் நகரும். அப்பறம் அதையும் டீச்சர் கேப்பாங்க. இருக்கிறதப் பாதியாப் பிரி. ஊஞ்சல நடு வூட்ல கட்டு."

கவிதா, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். பன்னிரண்டு வோல்ட்டுக்குக் குறுக்கே ஒரே அளவுள்ள இரண்டு ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டோம். நடுப் புள்ளியில் ஆறு வோல்ட் கிடைத்தது. இனி இதுதான் பூஜ்யம். இதற்கு மேலே ஆறு, கீழே ஆறு. சென்சாரின் ஒரு கம்பியையும், பேனாவிலிருந்து திரும்பி வரும் கம்பியையும் தரையிலிருந்து எடுத்து இந்த நடுப் புள்ளிக்குக் கொண்டுவந்தோம். சில்லுக்கு மைனஸ் என்று தனியாக எதுவும் தேவையில்லை. தரையே அதற்கு மைனஸாகிவிட்டது.

எளிதுதான். ஆனால் ஓட்டிப் பார்த்ததும் நடுப் புள்ளி நிற்கவில்லை. பேனா ஆடும்போது அதுவும் சேர்ந்து ஆடியது. இரண்டு ரெசிஸ்டர் ஆறு வோல்ட்டைக் காட்டும், பாரம் தாங்காது. ரெசிஸ்டரைச் சிறியதாக்கினால் தாங்கும், ஆனால் சூடாகும், பேட்டரியைத் தின்னும். சார் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தச் சில்லுக்குள்ள நாலு ஆப்-ஆம்ப் இருக்கு. நாம மூணத்தான் பயன்படுத்துறோம். நாலாவது சும்மா உக்காந்து சாப்புடுது. அவன எழுப்பு" என்றார்.

நாலாவதின் வெளிவாயை அதன் மைனஸ் உள்வாயோடு சேர்த்துக் கட்டினோம். பிளஸ் உள்வாயில் நடுப் புள்ளி. இப்போது உள்ளே வரும் ஆறு வோல்ட்டை அது அப்படியே வெளியே தரும், பாரத்தையும் அதுவே சுமக்கும். ஜீப் பேட்டரியின் இரைச்சல் உள்ளே வராமல் நடுப் புள்ளிக்கும் தரைக்கும் இடையே ஒரு கண்டன்சர். இன்னொன்றும் உண்டு. இந்தச் சில்லு பன்னிரண்டு கொடுத்தால் பன்னிரண்டு வரை ஏறாது, ஒன்றரை வோல்ட் போலக் குறைவாகவே நின்றுவிடும். அதனால் மேல் பக்க இடம் கீழ்ப் பக்கத்தைவிடக் குறைவு. அதற்குத் தக்கபடி பெருக்கத்தைப் பாதியாகக் குறைத்தோம். பேனாவைக் காகிதத்தின் நடுவில் நிறுத்தினோம். சிவப்புக் கோடு இப்போது இரண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று.

மறுபடி மணல் மூட்டை. கம்பியை மாற்றி மறுபடி. மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறின, ஆழமும் உயரமும் ஒரு மயிரிழை மாறவில்லை. நான் விசிலடித்துவிட்டேன். சார் என்னைப் பார்த்தார். சிரித்தார் என்றே நினைக்கிறேன்.

அடுத்து குவாரி மேனேஜர் அறை. சார் உட்காராமலே சொன்னார். "இதுவரைக்கும் நான் குடுத்த அளவ நம்பாதீங்க. அதுல பாதிதான் இருக்கு."

மேனேஜருக்கு முகம் சிவந்தது. "என்ன சார் இது? எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டது நீங்கதான?"

"ஆமா. அதனாலதான் தப்புன்னும் நானே சொல்றேன்."

மேனேஜர் தண்ணீர் குடித்தார். "சரி, அடுத்த வெடிக்கு நானும் அந்த வூட்டுக்கு வர்றேன்" என்றார்.

வந்தார். வெடித்தது. பேனா முதலில் மேலே போனது, கோட்டைத் தொடவில்லை. பிறகு கீழே பாய்ந்து, கீழ்க் கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பியது. டீச்சர், "சேசுவே" என்றார். மேனேஜர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். முன்பே சொன்னேன், அவர் காகிதத்தை நம்புகிறவர். அங்கிருந்தே போன் போட்டு, குவாரியின் ஊர்ப் பக்கப் பாறை முகப்பில் வெடியை நிறுத்தச் சொன்னார். ஒரு குழிக்கு வைக்கிற வெடிமருந்தைக் குறைத்து, எல்லாக் குழியும் ஒன்றாக வெடிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும்படி திட்டத்தையே மாற்றி எழுதினார்கள். விரிசலையும் ஆலைச் செலவில் கம்பி வைத்து அடைத்துப் பூசிக் கொடுத்தார்கள். பழைய அளவுகள் எடுத்த வீடுகளுக்கெல்லாம் நானும் சாரும் மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். சில வீடுகளில் திட்டினார்கள், சில வீடுகளில் மோர் கொடுத்தார்கள்.

ஆனால் டீச்சர் பிள்ளைகளை உள்ளே அழைக்கவில்லை. மரத்தடியிலேயே பாடம் நடந்தது. புது முறையில் முதல் வெடி வைக்கப்போகும் நாளில் சார் போய்க் கேட்டார்.

"என்ன டீச்சர், இன்னும் வெளியிலயே?"

"கோவிச்சுக்காதீங்க சார். முன்னாடியும் உங்க மீட்டர் சரின்னுதான சொன்னுச்சு?"

சார் சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என் கையில் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். முன்னறைக்குள் போய், விரிசல் இருந்த கதவு நிலைக்கு நேர் கீழே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"செல்வராசு, மீட்டர நீ பாத்துக்க. நான் இங்க இருக்கேன்."

டீச்சர் பதறிப்போய், "சார், வேணாம் சார், எந்திரிச்சு வாங்க" என்றார். சார் அசையவில்லை. "அளந்தது நான். அப்ப உக்கார வேண்டியதும் நான்தான டீச்சர்?" என்றார். டீச்சர் புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார், இன்னொரு நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மரத்தடியிலிருந்த பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் கட்டிய சர்க்யூட்டின் மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. இருந்தாலும் அடியில் உட்கார்ந்திருப்பது என் சார்.

சங்கு ஊதியது. கொஞ்ச நேரம் கழித்து எங்கோ கட்டைகளை ஒவ்வொன்றாக இறக்குகிற மாதிரி ஒரு சத்தம். பேனா மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் போய் வந்து நடுவில் நின்றது. இரண்டு சிவப்புக் கோடுகளும் தூரத்தில் இருந்தன. நான் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

சார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். டீச்சர் ஜெபமாலையைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார், கிட்டே வராதே, தள்ளிப் போ என்று.

"பெரிய வெடி இன்னும் வெடிக்கல தம்பி. சும்மா சின்னதுதான் போட்டுப் பாக்குறாங்க."

"அதுதான் டீச்சர் பெரிய வெடி. முடிஞ்சு போச்சு."

டீச்சர் மேலே சுவரைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். நான் நீட்டிய காகிதத்தை வாங்கவே இல்லை. நேராக வாசலுக்குப் போய், "புத்தகத்த எடுத்துக்கிட்டு உள்ள வாங்கடா எல்லாரும்" என்று கத்தினார். பிள்ளைகள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு சாரின் நாற்காலியைச் சுற்றி இடம் பிடித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே டீச்சர் போனைக் காதில் வைத்துக்கொண்டு மகளிடம் சொல்வது கேட்டது.

"இல்லடி, நான் வரல. எனக்குக் கிளாஸ் இருக்கு."